ஃபினாலே முடிந்த ராத்திரி: கோபம் சரி, விலாசம்தான் தப்பு

தமிழ்நாடு-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் ஒரே வீட்டில் பாட்டிக்குத் தமிழ்ச் சேனல், பாலக்காட்டில் படிக்கும் பேத்திக்கு மலையாளச் சேனல். ஜோடி சேர்க்கும் ரியாலிட்டி ஷோ வந்துவிட்டால் மட்டும் இரண்டு பேரும் ஒரே சோபாவில். அதனால் ஒரு ஃபினாலே சொதப்பினால் இந்த எல்லையோரத்தில் வசவு இரண்டு மொழியிலும் பறக்கும். அடுத்த வாரம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்கள் நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. "ரெண்டு நாளா தூக்கமில்லைங்க" என்பார்கள். "கட்டிக்கப் போறவரோட சண்டைங்க" என்பார்கள். "பையன் ஏதோ கமெண்ட் போட்டுட்டானாம், ஸ்டேஷன்ல கூப்பிடறாங்க" என்றும் வரும். விசாரித்துக்கொண்டே போனால் அடியில் டிவி இருக்கும்.

"வெறும் ஷோதானே" என்று சொல்லி அனுப்புவது இந்தத் தொழிலில் செய்யக்கூடிய முதல் தப்பு. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது.

2018 பிப்ரவரியில் கலர்ஸ் தமிழ் சேனல் தொடங்கியதோடு வந்தது 'எங்க வீட்டு மாப்பிள்ளை'. மாப்பிள்ளை நடிகர் ஆர்யா. பூர்வீகம் காசர்கோடு மாவட்டத்துத் திருக்கரிப்பூர் என்பதால் கேரளப் பக்கமும் கவனித்தது. 16 பெண்களில் ஆரம்பித்து, பெண் வீடு வரை போய்ப் பெற்றோரைப் பார்த்து, ஏப்ரலில் இறுதிக்கு மூன்று பேர் நின்றார்கள். ஒருவரைத் தேர்ந்தால் மற்ற இருவருக்கும் வலிக்கும் என்று சொல்லி அவர் யாரையுமே தேர்ந்தெடுக்கவில்லை. அமெரிக்காவில் 2007-இல் இதே மாதிரி ஷோவான 'தி பேச்சலர்' 11-ஆம் சீசன் இறுதியில் பிராட் வோமாக் என்பவரும் கடைசி இருவரையும் மறுத்துவிட்டார். அங்கும் பார்வையாளர்கள் கொதித்தார்கள்.

முடிவு இரண்டிலும் ஒன்று, காயம் வேறு. அங்கே, விளையாட்டின் விதி மீறப்பட்டது என்ற ஏமாற்றம். இங்கே நம் வீடுகளில் அது பெண் பார்க்கும் சடங்காகப் பார்க்கப்பட்டது. பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டு, பெண்ணைப் பாடச் சொல்லி, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்து போய், மாதக்கணக்கில் பதிலே வராத அந்த அவமானத்தை அறியாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. அக்காவுக்கு நடந்திருக்கும், அத்தைக்கு நடந்திருக்கும். டிவியில் மூன்று பெண்கள் அலங்காரத்தோடு நின்று வெறுங்கையோடு திரும்பும்போது, பார்ப்பவருக்குள் எழுவது அந்தப் பழைய பாக்கி. 45 வயதுப் பெண்கள் இளசுகளைவிட அதிகம் கொதிப்பது ஆலோசகருக்கு ஆச்சரியம் தரக்கூடாது. பேச வேண்டியது ஷோவைப் பற்றி அல்ல, அந்த அத்தையைப் பற்றி.

இன்னொரு பக்கம், திரையில் தினமும் பார்க்கும் முகத்தோடு நமக்கு உண்டாகும் ஒருவழிப் பழக்கம். நாம் அவரை அறிவோம், அவர் நம்மை அறிய மாட்டார். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-லேயே இதை விவரித்து எழுதினார்கள். 2004-இல் ஜோனதன் கோஹன் என்ற ஆய்வாளர், பிடித்த டிவி பாத்திரம் இல்லாமல் போனால் பார்வையாளர் எப்படி வருந்துவார் என்று ஆராய்ந்தார். நிஜக் காதல் முறிவின் சாயல் அந்த வருத்தத்தில் இருந்தது. அதன் ஆழம், ஒருவர் நிஜ உறவுகளில் எப்படிப் பற்றிக்கொள்கிறவர் என்பதோடும் சேர்ந்து வந்தது. வாரம் ஐந்து நாள், ஒரே நேரம், ஒரே சோபா என்று பழகிய உடம்புக்கு அந்த நேரம் திடீரென்று காலியாகிறது. இரண்டு மூன்று நாள் எரிச்சல், வெறுமை எல்லாம் இயல்பு. தூக்கமோ சாப்பாடோ வேலையோ படிப்போ இரண்டு வாரம் தாண்டியும் குலைந்து கிடந்தால் ஃபினாலே சாக்கு மட்டும்தான். ஆளைப் பார்க்க வேண்டும். சமீபத்தில் நிச்சயம் முறிந்தவர், வரன் தட்டிக்கொண்டே போகிறவர், குழந்தை பிறந்து சில மாதங்களே ஆன தாய் ஆகியோரிடம் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம்.

கோபம் எங்கே வழி தவறுகிறது? எடிட்டிங் மேஜையில். கேமராக்கள் நாள் முழுக்க ஓடிய படப்பிடிப்பில் நமக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், அதிலும் விளம்பரம் போக மிச்சம். "நல்லவள்", "திமிர் பிடித்தவள்" என்ற பட்டங்களை ஒட்டுவது அந்த மேஜைதான். கூர்ந்து பார்த்தால் ஒட்டு தெரியும். குரல் கேட்கும்போது பேசுகிறவர் வாய் திரையில் இருக்காது. முதுகோ எதிராளியின் முகமோ இருக்கும். ஒரே வாக்கியத்தின் நடுவில் பின்னணி இரைச்சல் மாறும், ஃபேன் சத்தம் வரும், போகும். ஒருவர் கண்ணை உருட்டும் காட்சியில் அவர் தோடு வேறு, முந்தைய ஷாட்டில் வேறு. அப்படியென்றால் அந்த முறைப்பு வேறொரு நாளைய முறைப்பு. ப்ரொமோவில் வந்த வசனம் எபிசோடில் வேறு ஆளைப் பார்த்துச் சொல்லப்படுவதும் உண்டு. வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு சண்டைக் காட்சியை மியூட் செய்து ஒருமுறை, கண்ணை மூடிக் குரலை மட்டும் கேட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிடப் பயிற்சிதான். எந்த அறிவுரையையும்விட நன்றாக வேலை செய்கிறது.

போட்டியாளர் ஃபினாலேவுக்குப் பிறகு வாய் திறக்காததை "குற்றமுள்ள நெஞ்சு" என்று படிக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் ரகசியம் காக்கும் சரத்து வழக்கம். பதிவு செய்த நிகழ்ச்சியானால் நீங்கள் இன்று பார்க்கும் முறிவு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பழையது. அவர் பதில் பேசாதது பேச அனுமதி இல்லாததாலும் இருக்கலாம்.

அந்த ராத்திரி செய்ய வேண்டியது சின்ன வேலை. எபிசோடு முடிந்ததும் போனை வேறு அறையில் சார்ஜில் போடுங்கள். கோபத்தை அடக்க வேண்டாம். வாயால் பேசுங்கள், பக்கத்தில் இருக்கும் ஆளிடம். எழுதியே ஆக வேண்டுமென்றால் ஒரு தாளில் எழுதிக் காலையில் படியுங்கள். காலையிலும் போடலாம் என்று தோன்றினால் ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: அதில் அவர் செய்த செயல் இருக்கிறதா, அவர் உடம்போ நிறமோ சாதியோ மொழியோ அம்மாவோ இருக்கிறதா? நம் எல்லையில் மொழிதான் முதலில் வருகிறது. கேரளப் பெண் தோற்றால் "மல்லு", தமிழ்ப் பெண் தோற்றால் "பாண்டி". எழுதுகிறவர் வீட்டிலேயே ஒரு மருமகள் அந்தப் பக்கத்துக்காரராக இருப்பார் என்பது இந்த ஊர்களின் தனி வேடிக்கை.

கட்டிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "அந்த இடத்துல நீ இருந்தா என்னைத் தேர்ந்தெடுப்பியா?" என்ற கேள்வியை ஃபினாலே இரவில் கேட்காதீர்கள். அதற்குச் சரியான பதில் கிடையாது.

கமெண்ட் எப்போது வழக்காகிறது?

"66ஏ ரத்தாயிருச்சு, என்ன வேணா எழுதலாம்" என்ற நம்பிக்கை இளைஞர்களிடம் பரவலாக இருக்கிறது. 66ஏ என்பது இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது உண்மை. கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவும் அதே தீர்ப்பில் போனது. 2020 நவம்பரில் கேரள அரசு 118ஏ என்று ஒன்றை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றது. ஆனால் மற்றவை அப்படியே இருக்கின்றன. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்குப் பிரிவு 79, மூன்று ஆண்டு வரை சிறை. வேண்டாம் என்ற பிறகும் ஒரு பெண்ணைத் தொடர்ந்து மெசேஜில் துரத்தினால் பிரிவு 78, முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை. பெயர் மறைத்து மிரட்டினால் பிரிவு 351(4), மிரட்டலுக்கான தண்டனையோடு கூடுதலாக இரண்டு ஆண்டு வரை. ஆபாசமாக மார்ஃப் செய்த படத்தைப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67. முதல் முறை மூன்று ஆண்டு வரையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். "நான் எழுதலைங்க, ஃபார்வர்டுதான் பண்ணேன்" என்பதும் காப்பாற்றாது. ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்வது அதை ஏற்று ஆதரிப்பதற்குச் சமம் என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முன்ஜாமீன் மனுவில் சொல்லியிருக்கிறது.

தெருவில் இறங்கினால் கதை இன்னும் வேறு. 2020 மார்ச்சில் கொரோனாக் கட்டுப்பாட்டை மீறி, பிக்பாஸ் மலையாளத்திலிருந்து வெளியேறிய ஒருவரை வரவேற்க நெடும்பாசேரி விமான நிலையத்தில் கூட்டம் கூடியது. 79 பேர் மீது வழக்கு. 2023 டிசம்பரில் பிக்பாஸ் தெலுங்கு இறுதி முடிந்த இரவு ஹைதராபாத்தில் ரசிகர்கள் அரசுப் பேருந்துகளின் கண்ணாடியை உடைத்தார்கள். கைதானவர்களில் பட்டம் வென்றவரும் ஒருவர். அன்பும் இதே வேலையைத்தான் செய்கிறது, பாருங்கள்.

கமெண்டை ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? நீக்குங்கள். நீக்கினால் குற்றம் மறையாது, யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். ஆனால் பரவல் நிற்கும். அந்தப் பெண்ணின் இன்பாக்ஸில் போய் மன்னிப்புக் கேட்காதீர்கள், அவருக்கு அது இன்னொரு தொல்லை மெசேஜ். ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்துவிட்டால் எதையும் அழிக்காமல் வக்கீலோடு போங்கள்.

வசவு வாங்குவது நம் வீட்டுப் பெண்ணோ பையனோ ஆனால்

முதல் வேலை, போனை அவர் கையிலிருந்து வாங்குவது. கமெண்டுகளை நம்பிக்கையான வேறொருவர் படிக்கட்டும். இன்ஸ்டாகிராமில் குறிப்பிட்ட சொற்களை மறைக்கும் வசதி உண்டு. அதில் தமிழ், மலையாளம், தங்கிலீஷ், மங்கிலீஷ் (ஆங்கில எழுத்தில் எழுதும் மலையாளம்) நான்கு வடிவிலும் வசவுச் சொற்களைச் சேர்க்க வேண்டும். தமிழ் எழுத்தில் மட்டும் சேர்த்துவிட்டு "வேலை செய்யலை" என்று விட்டுவிடுகிறார்கள்.

பிளாக் செய்வதற்கு முன் சாட்சி. வெறும் ஸ்கிரீன்ஷாட்டில் சில சமயம் காட்சிப் பெயர் மட்டும் விழும், அதை எதிராளி நொடியில் மாற்றிவிடுவார். அவர் புரொஃபைலைத் திறந்து யூசர்நேம் தெரிய ஆரம்பித்து, பதிவு, கமெண்ட், தேதி வரை ஒரே ஸ்கிரீன் ரெக்கார்டிங்காக எடுங்கள். பதிவின் லிங்க்கைத் தனியாக நகலெடுத்து வையுங்கள். எடுத்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சிக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்று கேட்பார்கள், அதற்கு எந்தக் கருவி என்று சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் ஆபாசப் படமானால் மட்டும் முறை வேறு: சாட்சிக்கென்றுகூட யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம். போனை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போய்க் காட்டுங்கள்.

எந்த ஸ்டேஷன்? பெண் வீடு வேலந்தாவளம், எழுதியவன் பொள்ளாச்சி, இரண்டு பக்கமும் "அங்கே போங்க" என்று சொல்லக்கூடும். சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தின் புகாரை எந்தக் காவல் நிலையமும் வாங்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173 சொல்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். வெறும் அவதூறு மட்டும் என்றால் போலீஸ் நேராக வழக்குப் பதியாது, மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். பணமும் போயிருந்தால், உதாரணமாக "அடுத்த சீசன் ஆடிஷன் கட்டணம்" என்று யாராவது ஜிபேயில் வாங்கியிருந்தால், உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. ஃபினாலே முடிந்த வாரம் இந்த வகை மோசடிக்கு நல்ல பருவம்.

அடுத்த சீசனுக்குப் போக நினைக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஒப்பந்தத்தில் ஒன்றைத் தேடுங்கள். பிரிட்டனின் 'லவ் ஐலண்ட்' என்ற ஜோடி ஷோவின் போட்டியாளருக்கு நிகழ்ச்சிக்குப் பின் குறைந்தது எட்டு முறை ஆலோசனை தருவதாக 2019-இல் அதன் சேனலான ஐடிவி அறிவித்தது. அந்த நிகழ்ச்சியில் பங்கேற்ற இருவரின் மரணத்துக்குப் பிறகுதான் அந்த ஏற்பாடு. அப்படி ஒரு வரி இங்கேயும் உண்டா என்று கையெழுத்துக்கு முன் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சரி, கோபத்தை எங்கேதான் அனுப்புவது? எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எய்தவனுக்கு விலாசம் இருக்கிறது. 2021-இல் திருத்திய கேபிள் டிவி விதிகளின்படி சேனலுக்கே ஒரு குறைதீர் அலுவலர் உண்டு. நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பான தேதி, நேரம், எந்தக் காட்சி, அதில் என்ன தவறு என்று ஐந்து வரி போதும். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதிலும், 15 நாளில் முடிவும் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் ஒளிபரப்பாளர்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம், அதற்கும் மேலே ஒன்றிய அரசு. "ஏமாத்திட்டாங்க" என்று மட்டும் எழுதினால் ஒதுங்கிவிடும். போட்டியாளரை இழிவுபடுத்திய காட்சி, குழந்தை பார்க்கும் நேரத்தில் வந்த வசனம் என்று குறிப்பாக எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

மனசு தாங்கவில்லை என்றால் ஒன்றிய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு. எல்லையில் இருக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆரம்பத்தில் மொழி கேட்கும்போது பிள்ளை எந்த மொழியில் அழுகிறதோ அந்த மொழியை அழுத்துங்கள். கேரள அரசின் திசா சுகாதார உதவி எண் 1056, தமிழ்நாட்டில் அதே போல 104.