விபத்து முடிந்த மறுநாள் வட்டமாக உட்காரவைத்துப் பேசவிட்டால் போதுமா? மீட்புப் பணியாளர்களின் மனநலம் பற்றி

கோர விபத்து ஒன்று. இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. மறுநாள் காலையிலேயே மீட்புக்குப் போன குழுவை ஓர் அறையில் கூட்டி, வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஒவ்வொருவராகக் கேட்கிறார்: என்ன பார்த்தீர்கள், அப்போது மனதில் என்ன ஓடியது, எது உங்களை அதிகம் பாதித்தது? இரண்டு மணி நேரத்தில் கூட்டம் முடிகிறது. வருகைப் பதிவில் கையெழுத்து, கோப்பில் 'மனநல உதவி வழங்கப்பட்டது' என்று ஒரு வரி. அதோடு சரி.

இந்த முறையை 1983இல் வகுத்தவர் அமெரிக்காவின் ஜெஃப்ரி மிட்செல். தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணியாளர்களை மனதில் வைத்தே அவர் இதைச் செய்தார், நோக்கத்தில் குறையில்லை. ஆனால் ஒரே அமர்வில் முடிந்துவிடும் இத்தகைய உரையாடல் பிடிஎஸ்டியை, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறைத் தடுப்பதில்லை என்று 2002இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொல்லிவிட்டது. அதில் சேர்ந்த ஓர் ஆய்வு தீக்காயம் பட்டவர்களிடம் நடந்தது. 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 9 சதவீதம் பேருக்கும் பிடிஎஸ்டி இருந்தது. முதல் பிரிவினருக்குக் காயமும் சற்று அதிகம் என்பதால் அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்களைத் தனித்தனியே பேசவைத்தவை, மீட்புக் குழுக்களை அல்ல என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் குழுவாக உட்காரவைத்தால் தடுக்கும் என்பதற்கும் வலுவான சான்று வரவில்லை. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018 வழிகாட்டுதலில் இதைச் செய்ய வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது.

ஏன் பலிப்பதில்லை? வண்டிக்கு வெளியே நின்று போக்குவரத்தைத் திருப்பியவர், உள்ளே போனவர் சொல்லும் காட்சியைக் கேட்கிறார். தான் பார்க்காததையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார். மேலதிகாரி அதே அறையில் இருந்தால் பாதிப் பேர் வாயைத் திறக்கமாட்டார்கள். வாய் திறந்தவர் மறுநாள் 'அழுதவர்' ஆகிவிடுவார். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, கோப்பில் அந்த வரி ஏறியதும் அடுத்த ஒரு மாதத்துக்கு யாரும் யாரையும் கேட்பதில்லை. கவனிக்க வேண்டியதே அந்த ஒரு மாதத்தைத்தான்.

(பணி சார்ந்த மீளாய்வு வேறு. எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, எந்தக் கருவி வேலை செய்யவில்லை, அடுத்த முறை எதை மாற்றுவது என்பதைக் குழுவாகப் பேசத்தான் வேண்டும். அந்தக் கூட்டத்தில் 'மனசுக்கு எப்படி இருக்கு' என்ற கேள்வியைக் கலக்காமல் இருந்தால் போதும்.)

அந்த ஷிப்ட் முடிவதற்குள்

இதற்கு ஆலோசகர் தேவையில்லை. உடன் இருந்த குழுத் தலைவர் 10 முதல் 15 நிமிடம் ஒதுக்கினால் போதும். கை கால் கழுவி, சீருடை மாற்றி, தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு பேச வேண்டும், முன்னால் அல்ல. நடந்தவற்றில் உறுதியானதை மட்டும் சொல்ல வேண்டும்: எத்தனை பேர் பிழைத்தார்கள், எந்த மருத்துவமனைக்குப் போனார்கள், அடுத்த டியூட்டி எப்போது. யார் வண்டி ஓட்டி வீடு திரும்பப்போகிறார், வீட்டில் யார் இருக்கிறார் என்று கேட்க வேண்டும். கைகள் இன்னும் நடுங்குபவரைச் சாவியோடு அனுப்பக் கூடாது.

ஆம்புலன்ஸ் குழுக்களுக்கு இதிலும் ஒரு சிக்கல். வண்டியைக் கழுவி முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். குழந்தையின் மரணம், தெரிந்தவரின் மரணம், சகப் பணியாளரின் மரணம், பேசிக்கொண்டே இருந்தவர் கண்ணெதிரே இறப்பது ஆகிய நான்கிலும் அந்த வண்டியைக் குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் அழைப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவைக்க வேண்டும். குழு கேட்டால்தான் தருவோம் என்று வைத்தால் ஒருவரும் கேட்கமாட்டார். கட்டுப்பாட்டு அறையே தானாக எடுத்துவைப்பதாக விதி இருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டு அறை என்றதும் அங்கே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரையும் நினைக்க வேண்டும். அழைத்தவரின் அலறலைக் கேட்டவர் அவர். வண்டி போய்ச் சேர்ந்ததும் தொடர்பு துண்டாகிவிடும், முடிவு என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது. மனம் அந்த முடிவைத் தானே கற்பனை செய்து நிரப்பிக்கொள்ளும். குழுத் தலைவர் ஒரு நிமிடம் அழைத்து நடந்ததைச் சொன்னால் அதுவே பெரிய உதவி.

மூன்றாம் நாள்

பிரிட்டனின் ராயல் மரீன்ஸ் படையில் தொடங்கி, பிறகு காவல், தீயணைப்புத் துறைகளுக்கும் பரவிய 'டிரிம்' என்ற முறை 72 மணி நேரம் கழித்தே பேசத் தொடங்குகிறது. பேசுபவர் மருத்துவர் அல்ல, பயிற்சி பெற்ற சகப் பணியாளர். சம்பவத்துக்கு முன், சம்பவத்தின்போது, சம்பவத்துக்குப் பின் என்று மூன்று பகுதியாகக் கேட்டு, கேட்டதை மதிப்பிட்டுக் குறித்துக்கொள்கிறார். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அதே கேள்விகளோடு மறுபடி வருகிறார். இரண்டு மதிப்பீடுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இந்த முறையின் உயிர். இறங்குமுகமா, அப்படியே நிற்கிறதா, ஏறுகிறதா என்பது முதல் பேச்சில் தெரியவே தெரியாது.

டிரிம் இல்லாத இடத்திலும் இதைச் செய்யலாம். 'நல்லா இருக்கீங்களா?' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேட்க வேண்டும்: 'நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குனீங்க?' 'அந்த ரோடு வழியா வண்டி எடுத்துட்டுப் போக முடியுதா?' 'வீட்ல யார்மேலயாவது காரணமில்லாம எரிஞ்சு விழுந்தீங்களா?' 'தூங்குறதுக்காகக் குடிக்க வேண்டியிருக்கா?'

முதல் இரண்டு வாரம் தூக்கம் கெடுவதும், கனவு வருவதும், எரிந்த வாடை மூக்கிலேயே நிற்பதும், சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் நோயல்ல. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். இதை அவரிடமும் வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. 'எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ' என்ற பயம்தான் பலரை மறைக்கவைக்கிறது.

இந்தக் கட்டத்தில் தூக்க மாத்திரை வாங்கித் தரும் பழக்கம் உண்டு. பென்சோடையசெபின் வகை மாத்திரைகளை அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில், அந்த அறிகுறிகளுக்காகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் அறிவுறுத்தியது. மதுவுக்கும் இதே கதைதான்: சீக்கிரம் தூங்கவைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும்.

ஒரு மாதம் ஆனபின்

அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் பிடிஎஸ்டி என்ற பேச்சே எழும். பிடிஎஸ்டி அறிகுறிகளை அளக்கும் பிசிஎல்-5 என்ற 20 கேள்விப் படிவத்தில் மொத்த மதிப்பெண் 80. 31 முதல் 33 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலரிடமோ முழுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். படிவம் மட்டுமே நோயை உறுதிசெய்யாது. அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சை) வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகள். பலருக்கு நன்றாகவே குணமாகும், வேலைக்கும் திரும்பலாம். இதைத் துறைக்குள் உரக்கச் சொல்வதில்லை என்பதால், 'மனநல மருத்துவரிடம் போனால் வேலை போய்விடும்' என்ற வதந்தி மட்டும் நிலைத்துவிடுகிறது. யாருக்குத் தகவல் போகும், யாருக்குப் போகாது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டாத துறையில், எத்தனை ஆலோசகரை நியமித்தாலும் அந்த அறை காலியாகவே இருக்கும்.

ஒரு மாதம் வரை காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. வேலைக்கே வரமுடியாத நிலை, நாளுக்கு நாள் மோசமாவது, 'நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்' என்ற பேச்சு ஆகியவை வந்தால் அன்றே உதவி வேண்டும். 'தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணுதா?' என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். துப்பாக்கியோ மருந்துப் பெட்டியோ அவர் பொறுப்பில் இருந்தால் அதைத் தற்காலிகமாக வேறொருவரிடம் மாற்ற வேண்டும், தண்டனை போலத் தெரியாத விதத்தில்.

பெரிய சம்பவமே இல்லாமலும் ஒருவர் உடையலாம். மனநலக் கோளாறுகளை வரையறுக்கும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு 2013இல் இதை ஏற்றுக்கொண்டது: உடல் பாகங்களைச் சேகரிப்பவர்கள், குழந்தை வன்கொடுமை வழக்குகளின் விவரங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் காவலர்கள் போன்றோர், வேலையின் பொருட்டு அடைந்த அந்தத் தொடர்ச்சியான பாதிப்பையும் பிடிஎஸ்டிக்கான காரணமாகக் கணக்கிடுகிறது. சம்பவப் பதிவேட்டை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு இவர்கள் தட்டுப்படவே மாட்டார்கள்.

சடலங்களை மீட்பவர்களுக்குச் சில நடைமுறைகள் இருக்கின்றன. வேலை நேரத்தைச் சிறிய சுற்றுகளாக்கி இருவர் இருவராக அனுப்ப வேண்டும். முகத்தையும் கைகளையும் உற்றுப் பார்ப்பதைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும். உடைமைகளைப் பதிவு செய்பவர் வேறொருவராக இருக்கட்டும். பர்ஸில் இருக்கும் குடும்பப் புகைப்படம் சடலத்தைவிட ஆழமாக இறங்கும். நாற்றம் தெரியாமலிருக்க மூக்கில் வாசனைத் திரவியம் தடவும் பழக்கத்தை விட வேண்டும். பின்னாளில் அந்த வாசனை எங்கே வந்தாலும் நினைவு திரும்பிவிடும்.

குற்ற உணர்ச்சிக்கு வருவோம். 'ரெண்டு நிமிஷம் முன்னாடி போயிருந்தா பிழைச்சிருப்பாங்க.' இதற்கு உடனே 'உங்கமேல தப்பே இல்ல' என்று சொல்வது அன்பான பதில்தான், ஆனால் ஒட்டாது. அழைப்புப் பதிவை எடுத்து நிமிடம் நிமிடமாக அவரோடு பார்ப்பது பலன் தரும்: இந்த நிமிடத்தில் உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, கையில் என்ன கருவி இருந்தது? முடிவு தெரிந்த பிறகு எடுத்த தீர்ப்பை, முடிவு தெரியாத நேரத்துக்குக் கொண்டுபோய் வைத்துத்தான் மனம் தன்னைத் தண்டிக்கிறது. உண்மையிலேயே தவறு நடந்திருந்தால் அதையும் மறைக்காமல் பேச வேண்டும். பூசி மெழுகியது அவருக்கே தெரியும்.

தூக்கம் தனிக் கட்டுரைக்கான விஷயம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம் இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குச் சரிகிறது. ஷிப்ட் காலை, மாலை, இரவு என்ற முன்னோக்கிய வரிசையில் சுழன்றால் உடல் ஓரளவு ஈடுகொடுக்கும். இரவிலிருந்து மாலைக்குப் பின்னோக்கித் திருப்பினால் தடுமாறும். இரவு டியூட்டியில் 20 முதல் 30 நிமிடக் குட்டித் தூக்கம் அனுமதிக்கலாம், ஆனால் எழுந்தவுடன் சிறிது நேரம் தலை மந்தமாக இருக்கும் என்பதால் கண் விழித்ததும் ஸ்டியரிங்கைத் தரக் கூடாது. தூக்கமில்லாதவரிடம் மன உறுதி பற்றி வகுப்பெடுப்பது வீண்.

செலவிடப் பணம் குறைவு என்றால் முதலில் குழுத் தலைவர்களுக்குச் செலவிடுங்கள். ஆஸ்திரேலியத் தீயணைப்பு, மீட்புத் துறை ஒன்றில் மேலாளர்களுக்கு வெறும் 4 மணி நேரப் பயிற்சி தந்தார்கள்: சிரமப்படும் ஊழியரை அடையாளம் காண்பது, அவரோடு பேசுவது, விடுப்பில் இருப்பவரைத் தொடர்புகொள்வது. வேலை சார்ந்த நோய் விடுப்பு 6 மாதத்தில் குறைந்திருந்ததை 2017இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

பதிவேட்டில் 3ஆம் நாளையும் 1 மாதத்தையும் குறிக்கும்போதே இன்னும் இரண்டு தேதிகளுக்கு இடம் விடுங்கள்: விசாரணையில் சாட்சி சொல்லும் நாள், சம்பவத்தின் முதல் ஆண்டு நிறைவு. அடங்கியிருந்த கனவுகள் திரும்பி வருவது பெரும்பாலும் அப்போதுதான். சாட்சி சொல்லப் போகும் முந்தின நாள் ஓர் அழைப்பு, சொல்லிவிட்டு வந்த அன்று மாலை இன்னோர் அழைப்பு. அதற்குள் அவர் வேறு நிலையத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தால், அந்தப் பக்கத்தின் நகல் புதிய குழுத் தலைவருக்குப் போகலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டு அனுப்புங்கள்.