செப்சிஸ்: முதல் லாக்டேட்டைவிட இரண்டாவது லாக்டேட் முக்கியம்

"லாக்டேட் 5 இருக்கே டாக்டர், பிழைச்சிடுவாரா?" செப்சிஸ், அதாவது தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கும் நிலையில் உள்ளவருக்காக, ஐ.சி.யு. வாசலில் ரிப்போர்ட்டும் கையுமாக நிற்கும் உறவினர்கள் கேட்கும் கேள்வி இது. அந்த ஒற்றை எண்ணை வைத்து நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. சிகிச்சை தொடங்கிய பின் அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்தால்தான் ஓரளவு சொல்லலாம்.

லாக்டேட் என்பது செல்கள் சர்க்கரையைச் செலவழிக்கும்போது உண்டாகும் பொருள். அது கிருமியின் அளவைக் காட்டாது. உடல் படும் பாட்டைக் காட்டும். 2016இல் வந்த செப்சிஸ்-3 வரையறைப்படி, போதிய திரவம் ஏற்றியும் சராசரி ரத்த அழுத்தத்தை 65இல் நிறுத்த நார்அட்ரினலின் போன்ற மருந்து தேவைப்பட்டு, லாக்டேட்டும் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் அது செப்சிஸின் மிகக் கடுமையான நிலையான செப்டிக் ஷாக். இந்த நிலையை எட்டியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையிலேயே இறக்கிறார்கள். அதனால்தான் முதல் அளவு 2ஐத் தாண்டினால், 2 முதல் 4 மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்கிறோம். இறங்கவில்லை என்றால் எங்கோ சீழ் வடிக்கப்படாமல் இருக்கலாம், ஆன்டிபயாட்டிக் பொருந்தாமல் இருக்கலாம், குடலுக்கு ரத்தம் போகாமல் இருக்கலாம். எண் இறங்கவில்லையே என்று பாட்டில் பாட்டிலாகத் திரவம் ஏற்றுவது ஆபத்து; நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதற்கு முன் நோயாளியின் விரல் நுனியை 10 விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் இன்னும் சீராகவில்லை. செலவில்லாத இந்தச் சோதனை, சிகிச்சைக்கு வழிகாட்டுவதில் லாக்டேட்டுக்குக் குறைந்ததில்லை என்பதை 2019இன் ஆண்ட்ரோமெடா-ஷாக் ஆய்வு காட்டியது.

தவறான லாக்டேட் பெரும்பாலும் ரத்தம் எடுக்கும் இடத்திலேயே பிறக்கிறது. கையை இறுக்கிக் கட்டி, முஷ்டியை மூடித் திறக்கச் சொன்னால் எண் கூடும். குழாயில் இருக்கும்போதும் ரத்த அணுக்கள் சர்க்கரையைச் செலவழித்து லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். எனவே ஃப்ளோரைடு உள்ள சாம்பல் மூடிக் குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து உடனே லேபுக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் ரத்த வாயுக்களை அளக்கும் ஏ.பி.ஜி. இயந்திரத்திலேயே சில நிமிடங்களில் போட்டுவிடுங்கள். லாக்டேட் கலந்த ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) திரவம் ஓடும் கையில் எடுக்க வேண்டாம். அட்ரினலின், சல்புடமால் நெபுலைசேஷன், மெட்ஃபார்மின், வலிப்பு, கல்லீரல் செயலிழப்பு, தயமின் (வைட்டமின் பி1) குறைபாடு ஆகியவையும் லாக்டேட்டை ஏற்றும்.

புரோகால்சிடோனின் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை வேறு வேலைக்கு. தொற்று தொடங்கிச் சில மணி நேரத்தில் ஏறி, ஒரு நாளுக்குள் உச்சம் தொடும். தொற்று கட்டுப்பட்டால் ஏறக்குறைய நாளுக்குப் பாதியாகக் குறையும். நான்காம் நாளிலும் 80 சதவீதம் இறங்காதவர்களில் 28 நாள் இறப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று அமெரிக்காவின் மோசஸ் ஆய்வு கண்டது. உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமுக்குக் கீழே வந்தாலோ, நோயாளியும் தேறியிருந்தால், ஆன்டிபயாட்டிக்கை நிறுத்த யோசிக்கலாம். ஆனால் அதைத் தொடங்கலாமா என்று முடிவுசெய்ய இந்தச் சோதனையை நம்பக் கூடாது. ரிப்போர்ட் குறைவாக வந்தது என்று முதல் டோஸைத் தள்ளிப்போட்டால் உயிர் போகலாம். பெரிய அறுவைசிகிச்சை, தீக்காயம், சிறுநீரகச் செயலிழப்பு இருந்தால் தொற்று இல்லாமலே புரோகால்சிடோனின் கூடியிருக்கலாம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. மழைக்காலத்தில் பிளேட்லெட் இறங்கினால் எல்லோருக்கும் டெங்குதான் நினைவுக்கு வரும். சிற்றுண்ணி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலிலும் பிளேட்லெட் இறங்கும், புரோகால்சிடோனினும் ஏறும். ஐ.சி.யு.வில் தரும் மெரோபெனம் போன்ற வலுவான ஆன்டிபயாட்டிக் அதற்கு வேலை செய்யாது. டாக்ஸிசைக்கிளின், அசித்ரோமைசின்தான் மருந்து. அதனால் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் உண்ணி கடித்த இடத்தில் வரும் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்க்காமல் விடாதீர்கள்.

உறவினர்களே, தினமும் எண்ணை மட்டும் கேட்காமல் இவற்றையும் கேளுங்கள்: நேற்றைவிட லாக்டேட் இறங்கியதா? சிறுநீர் எவ்வளவு போகிறது? நார்அட்ரினலின் அளவைக் குறைக்க முடிந்ததா? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எப்படி இருக்கிறது? இவை எல்லாம் ஒரே பக்கம் நகர்ந்தால்தான் மருத்துவரால் உங்களிடம் உறுதியாக எதையாவது சொல்ல முடியும்.