மாலை வெயிலில் காணாமல் போகும் இண்டிகேட்டர்

காவிரிப் படுகையில் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. சாலைகளும் பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே போவதால், தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் காலையிலும் மாலையிலும் சூரியன் கிட்டத்தட்ட ரோட்டின் நேர்கோட்டுக்கே வந்துவிடுகிறது. மாலை ஐந்து மணிக்குக் கிழக்கே போகிறவருக்கு வெயில் முதுகில் அடிக்கும். அதே வெயில் முன்னால் போகும் பைக்கின் பின் இண்டிகேட்டருக்குள்ளும் நேராகப் புகும். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் அதைத் திருப்பி அனுப்ப, பல்பு எரியாமலே லென்ஸ் பளபளக்கும். எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்று பின்னால் வருகிறவருக்குப் பிடிபடாது. வாய்க்கால் மதகு தாண்டிச் சட்டென்று வலப்பக்கம் வயல்பாதையில் திரும்பும் வண்டிக்கு இதைவிட ஆபத்தான நேரம் கிடையாது.

எல்.இ.டி. இண்டிகேட்டர் வாங்கும்போது இதை யாரும் யோசிப்பதில்லை. கடை நிழலில் பேட்டரியில் தொட்டுக் காட்டுவார்கள், கண் கூசும், வாங்கிவிடுவோம். நேர் எதிரே ஓரடி தூரத்தில் கண் கூசுவதும், முப்பது மீட்டருக்கு அப்பால் பக்கவாட்டிலிருந்து தெரிவதும் வேறு வேறு விஷயங்கள். இழை பல்பு எல்லாப் பக்கமும் ஒளி விடும். அதை எங்கே குவிக்க வேண்டும், எங்கே பரப்ப வேண்டும் என்பதை ரிஃப்ளெக்டரும் லென்ஸின் வரிகளும் பார்த்துக்கொள்ளும். எல்.இ.டி. சில்லு ஒரே பக்கமாகத்தான் ஒளி விடும். பல்பு ஹோல்டரில் அப்படியே செருகும் எல்.இ.டி. பல்பில், இழை இருக்க வேண்டிய இடத்தில் சில்லு இருக்காது. அதனால் நடுவில் ஒரு பொட்டு மட்டும் பளிச்சென்று தெரியும், ஓரமெல்லாம் இருட்டாக இருக்கும்.

நிறத்திலும் ஒரு கோளாறு நடக்கிறது. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல ஒளி விடும் சில்லின் மேல், அதில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் என்ற பொடியைப் பூசியது. அதை ஆம்பர், அதாவது செம்மஞ்சள் நிற லென்ஸுக்குள் வைத்தால் நீலம் முழுக்க லென்ஸிலேயே மாண்டுவிடும். வெளியே வருவது மிச்சம் மீதிதான். ஆம்பர் லென்ஸானாலும் சரி, தெளிந்த லென்ஸானாலும் சரி, சுமார் 590 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும் ஆம்பர் எல்.இ.டி.தான் வைக்க வேண்டும்.

சட்டமும் நிறத்தில்தான் தொடங்குகிறது. மத்திய மோட்டார் வாகன விதி 102-இன்படி இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில், நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமல், 120-க்கு மிகாமல் மின்ன வேண்டும். முன்னாலும் பின்னாலும் தெளிவாகத் தெரியவும் வேண்டும். நீலம், வெள்ளை, சிவப்பு எல்லாம் இதில் அடிபட்டுப் போகின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதியில்லாத மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. எல்.இ.டி. என்பதே குற்றம் இல்லை. கம்பெனியிலிருந்தே எல்.இ.டி. இண்டிகேட்டரோடு வரும் பைக்குகள் ஏராளம்.

விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இருசக்கர வண்டி விளக்குகளுக்கான ஐ.நா.வின் 53-ஆம் ஒழுங்குவிதி நல்ல அளவுகோல். முன் இண்டிகேட்டர் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 240 மி.மீ., பின்னால் 180 மி.மீ. இடைவெளி; தரையிலிருந்து 350 முதல் 1,200 மி.மீ. உயரம், வெளிப்பக்கம் 80 டிகிரி வரை தெரிய வேண்டும். நம்பர் பிளேட்டை ஒட்டிப் பதிக்கிற குட்டை எல்.இ.டி. பட்டைகள் பெரும்பாலும் இந்த 80 டிகிரியில்தான் தோற்கின்றன. முன்பக்கத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிகிறது. அதை ஒட்டி இண்டிகேட்டரை வைத்தால் ஹெட்லைட் வெளிச்சம் அதை விழுங்கிவிடும்.

எல்.இ.டி.க்கு ஒரு நிஜமான அனுகூலம் உண்டு. இழை பல்பு சூடேறி முழுதாக எரிய ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும், எல்.இ.டி. கண்ணிமைக்கும் முன்பே எரிந்துவிடும். பின்னால் 60 கி.மீ. வேகத்தில் வருகிறவருக்கு அந்த 0.2 விநாடி சுமார் 3.3 மீட்டர்.

இனி ஒயரிங். ஒரு பக்கத்துக்கு 10 வாட் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 1.67 ஆம்பியர் ஓடும். ஒரு வாட் எல்.இ.டி. இரண்டுக்கு 0.17 ஆம்பியர்தான். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைப்பது ஃபிளாஷர். பழைய ஃபிளாஷருக்குள் இருக்கும் உலோகப் பட்டை கரண்ட்டில் சூடாகி வளைந்து விடுபடும். கரண்ட் போதாவிட்டால் அது அசையாது, மின்னலும் வராது. எலக்ட்ரானிக் ஃபிளாஷர்களில் பல, ஒரு பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று எண்ணிப் படபடவென்று அடிக்கும். 120-ஐத் தாண்டினால் விதிக்கும் புறம்பு. பத்து ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இண்டிகேட்டருக்கு இணையாகப் போட்டுச் சரிக்கட்டுவது பலரின் வழக்கம். அது 1.2 ஆம்பியர் இழுத்து 14 வாட்டை வெறும் சூடாக்கும், பிளாஸ்டிக்கில் பட்டால் உருக்கும். எல்.இ.டி.க்கென்றே விற்கும் ஃபிளாஷர் ரிலேயை மாற்றிவிடுவதே ஒழுங்கு. அதில் மூன்றாவது முனை இருந்தால் அதற்கு எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் பக்கம்) கொடுக்க வேண்டும்.

ரிலே மாற்றியும் இடது பக்கம் போட்டால் நாலும் மின்னுகிறதா? மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அம்பு விளக்கு உள்ள வண்டியில் இது வரும். அந்தக் குட்டி பல்பின் ஒரு முனை இடது லைனிலும் மறு முனை வலது லைனிலும் இருக்கும். இடதிலிருந்து வரும் கரண்ட் அதன் வழியாக வலது பக்க பல்புகளில் இறங்கி எர்த்துக்குப் போகும். பத்து வாட் பல்புக்கு அந்தத் துளிக் கரண்ட் உறைக்காது, எல்.இ.டி.க்கு அதுவே போதும். அம்பு விளக்கின் இரண்டு ஒயரையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒன்றை, கோடு உள்ள முனை விளக்குப் பக்கம் இருக்கும்படி சேர்த்து, இரண்டையும் விளக்கின் ஒரு முனையில் இணைக்க வேண்டும். மறு முனைக்கு எர்த். வேலை முடிந்தது.

மலிவான இண்டிகேட்டர் சாகும் விதம் வேறு. இரண்டு வோல்ட் எல்.இ.டி. மூன்றைத் தொடராகக் கோத்து, மிச்ச 6 வோல்ட்டுக்கு 300 ஓம் ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். 12 வோல்ட்டில் 20 மில்லியாம்பியர் ஓடும். எஞ்சின் ஓடி 14.4 வோல்ட் ஏறினால் அது 28 ஆகிவிடும், நாற்பது சதவீதம் கூடுதல். ஆம்பர் சில்லு சூட்டில் சட்டென்று மங்குகிற சாதி. சித்திரை வெயிலில், பிரகாசம் தேவைப்படும் அந்த நேரத்திலேயே அது சோர்ந்துபோகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் இணைப்புகளில் பச்சைக் களிம்பு கட்டும். இணைப்பில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். லென்ஸின் அடியில் உள்ள நீர் வடியும் துளையை சிலிக்கோன் வைத்து அடைத்துவிடாதீர்கள்.

வாங்கும் முன் லென்ஸைப் பாருங்கள். ஐ.நா. தர ஒப்புதல் பெற்றதில் வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்தும் எண்ணும் இருக்கும், முன்பக்கத்துக்கு 11, பின்பக்கத்துக்கு 12 என்ற வகை எண்ணும் இருக்கும். மாட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, அரை நிமிடத்தில் எத்தனை மின்னல் என்று எண்ணுங்கள்; 30-க்கும் 60-க்கும் நடுவே வர வேண்டும். பிறகு மாலையில் வண்டியைக் கிழக்கு பார்த்து நிறுத்தி, முப்பது தப்படி பின்னால் போய், நேராகவும் ஓரமாகவும் நின்று பாருங்கள். புல்லுக்கட்டோ யூரியா மூட்டையோ ஏற்றுகிற வண்டியானால் அதை ஏற்றிய நிலையிலேயே பாருங்கள். கட்டு இண்டிகேட்டரை மறைத்தால், திரும்பும்போது கையையும் காட்டியாக வேண்டும்.