லீஸ்: குத்தகையா, ஒற்றியா?

யாழ்ப்பாணத்தில் லீஸ் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும்தான். வீட்டுக்கும் அதே சொல்லைப் போடுகிறோம்: "திருநெல்வேலியில ஒரு மேல்வீடு, ரெண்டு வருச லீஸ்."

ஆங்கிலத்துக்கு இது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே 'விட்டுக்கொடு' என்ற பொருள். அதற்கும் மூலம், 'தளர்த்து' எனப் பொருள்படும் இலத்தீன் வினை. சொத்தைக் கைவிடாமல், அனுபவிக்கும் உரிமையை மட்டும் ஒரு காலத்துக்கு விடுவதுதான் லீஸ்.

இதற்கு நல்ல தமிழ் குத்தகை. தோட்டக் காணிக்கும் சந்தைக்கும் நாங்கள் இன்றும் சொல்லும் சொல். கன்னடத்தில் குத்திகெ, தெலுங்கில் குத்த. வாடகை வேறு. அது வடமொழி 'பாடக' வழி வந்தது, மாதா மாதம் கொடுப்பது. குடிக்கூலி என்ற அழகான சொல்லும் இருந்தது. இப்போது எழுத்தில்கூட அரிது.

சென்னைக்காரரோடு பேசும்போது கவனம் வேண்டும். அங்கே வீட்டு லீஸ் என்றால் பெருந்தொகையைக் கொடுத்து, வாடகையில்லாமல் இருந்து, போகும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்குவது. அதற்குச் சரியான சொல் ஒற்றி. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுத்து முடித்த, எங்கள் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையிலேயே ஒற்றி உண்டு: கடனுக்கு வட்டி வாங்காமல், காணியின் பலனை எடுத்துக்கொள்வது.

பத்திரம் எழுதும்போது இந்த வேறுபாடு கனக்கும். இலங்கையின் 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு (பத்திரங்களை எழுதி உறுதிப்படுத்தும் அலுவலர்) முன், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். வெறும் தாளில் 'இரண்டு வருச லீஸ்' என்று எழுதிக் கையெழுத்து வைத்து, மாதா மாதம் காசு கட்டிவந்தால், சட்டத்தின் முன் குடியிருப்பவர் மாத வாடகைக்காரர்தான். இரண்டு வருசம் என்ற உறுதி அங்கேயே போய்விடும். பல்கலைக்கழகத்தைச் சுற்றி அறை எடுக்கும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

1972இன் வாடகைச் சட்டம், தன் வரம்புக்குள் வரும் வீடுகளுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்பதைத் தடுத்தது. 2023இன் 1ஆம் இலக்கச் சட்டமோ, குத்தகைக்கு விட்ட இடத்தை உரிமையாளர் விரைவாக மீட்க வழிசெய்தது. அது நியாயமே. அப்புறம் அதே வேகம் முற்பணத்தைத் திருப்பி வாங்குவதற்கும் வேண்டாமா? அடுத்த திருத்தத்தில் முற்பணத்தைத் திருப்பித் தரும் கெடுவையும், வீட்டை விட்டு எழும்பக் கொடுக்கும் அவகாசத்தையும் நாள் கணக்கோடு எழுத வேண்டும். நொத்தாரிசுச் செலவு தாங்காத குடும்பங்களுக்கு எளிய தமிழ்ப் படிவம் ஒன்றும் வேண்டும்.