ஒரு வயதுக்குள் குழந்தைக்கு என்ன பொம்மை வாங்கலாம்?

நம் வீடுகளில் குழந்தைக்குக் கிடைக்கும் முதல் விளையாட்டுச் சாமான் கொலுசு. யாரும் அப்படி நினைத்து வாங்குவதில்லை. தாய்மாமன் சீர் என்றோ பாட்டியின் ஆசைக்கென்றோ மாட்டிவிடுகிறோம். மூன்று மாதக் குழந்தை காலை உதைக்கிறது, சத்தம் வருகிறது. சற்று நின்று கவனிக்கிறது. மறுபடி உதைக்கிறது. தான் ஏதோ செய்தால் ஏதோ நடக்கிறது என்று அது கண்டுகொள்வது இப்படித்தான். 1960-களின் கடைசியில் அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவீ-கோலியர், தொட்டிலுக்கு மேலே தொங்கும் பொம்மையை ஒரு ரிப்பனால் குழந்தையின் கணுக்காலோடு இணைத்துப் பார்த்தார். கால் அசைந்தால் பொம்மை ஆடும் என்று தெரிந்ததும் குழந்தைகள் முன்பைவிட அதிகமாக உதைத்தன. சில நாள் கழித்தும் அதை மறக்கவில்லை. நம் ஊர்க் கொலுசு ரிப்பன் இல்லாமலே இதைச் செய்கிறது. (ஒரு வேண்டுகோள்: காலைப் பிடித்து வாயில் வைக்கத் தொடங்கும் ஐந்து, ஆறு மாதத்தில் மணி கோத்த கொலுசைக் கழற்றி வையுங்கள். மணி கழன்றால் நேரே வாய்க்குத்தான் போகும்.)

நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். வளர்ச்சி தாமதமாகிறது என்று அழைத்து வரப்படும் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவது என் வேலை. பெற்றோர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "மேடம், மூளை வளர்ச்சிக்கு இது நல்லதா?" என்பார்கள். பட்டனை அமுக்கினால் பாடும், விளக்கு எரியும், ஆங்கில எழுத்துகளைச் சொல்லும். விலை ஆயிரத்தைத் தாண்டும். விலை மட்டும் என் குறை இல்லை. பாட்டு, வெளிச்சம், பேச்சு எல்லாம் பொம்மையே தந்துவிட்டால் குழந்தைக்குச் செய்ய என்ன மிச்சம்? பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்குப் பேசத்தான் என்ன மிச்சம்? வட அரிசோனா பல்கலைக்கழகத்தின் அன்னா சோசா, 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேர் தங்கள் பெற்றோருடன் விளையாடுவதைப் பதிவு செய்து ஆராய்ந்தார். எலக்ட்ரானிக் பொம்மை இருந்தபோது பெற்றோர் பேசியது குறைந்தது. படப்புத்தகம் பார்த்தபோது கொடுத்த அளவுக்குக் குழந்தைகள் குரலும் கொடுக்கவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் என் அறையில் தினமும் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது.

அதனால் பொம்மையின் பெட்டியைப் பார்ப்பதைவிட, இந்த மாதம் குழந்தையின் கை என்ன செய்யப் பார்க்கிறது என்று பார்க்கச் சொல்வேன்.

முதல் இரண்டு மாதம் எதுவும் வாங்க வேண்டாம். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. முகமே போதும். ஆசையாக இருந்தால் வெள்ளைத் தாளில் கறுப்பு மார்க்கரால் தடிமனாகக் கோடு, வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

மூன்று, நான்கு மாதத்தில் மூடியிருந்த கை விரியும். இப்போது கிலுகிலுப்பை. எடை குறைவாக, பிடி மெல்லியதாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால் குழந்தை தன் நெற்றியிலேயே அடித்துக்கொள்ளும். கோயில் வாசலில் விற்கும் பனையோலைக் கிலுகிலுப்பை அருமையானது, ஆனால் அது நீங்கள் ஆட்டிக் காட்ட மட்டும். எச்சில் பட்டு ஓலை நைந்தால் உள்ளே இருக்கும் கல்லோ விதையோ வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக் பாட்டிலில் பருப்பு போட்டு மூடும் வீட்டுத் தயாரிப்புக்கும் இதே எச்சரிக்கை. மூடியை நம்பி விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

விழித்திருக்கும்போது குப்புறப் படுக்க வைப்பதும் விளையாட்டுதான். இன்னும் நகரத் தொடங்காத குழந்தைக்கு நாள் முழுவதும் பிரித்துப் பிரித்துக் குறைந்தது 30 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரை என்று வைத்தார்கள்: கையைத் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி, இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டும் பருவம். எங்கள் வளர்ச்சிப் பட்டியலிலும் ஏறக்குறைய அதே மாதங்கள்தான். இதற்குத் தேவை ஒரு பாயும், எதிரே குப்புறப் படுத்துக் கூப்பிடும் ஒரு ஆளும்.

ஆறு மாதத்துக்கு மேல் சமையலறைதான் பெரிய பொம்மைக்கடை. எவர்சில்வர் டம்ளர் குளிர்ச்சியாக இருக்கும், முகம் தெரியும், தட்டினால் சத்தம் வரும், கழுவி வைக்கலாம். இரண்டு கிண்ணம் கொடுத்தால் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும், ஒன்றோடொன்று மோதும். வாயில் வைக்கிறதே என்று பிடுங்காதீர்கள். அந்த வயதில் ஒரு பொருள் கெட்டியா, வழவழப்பா என்பதை வாய்தான் நன்றாகச் சொல்லும். எட்டு, ஒன்பது மாதத்தில் ஒரு பந்தைக் கிண்ணத்தால் மூடிப் பாருங்கள். மறைந்த பொருள் அங்கேயே இருக்கிறது என்று புரிந்த குழந்தை கிண்ணத்தைத் தூக்கும். பிறந்தநாள் நெருங்கும்போது அகலவாய் டப்பாவும் அதில் போட்டு எடுக்க நாலைந்து பெரிய மூடிகளும் போதும். கூடை நிறையக் கொட்டிவைக்க வேண்டாம். நாலு சாமான் வெளியே, மற்றதெல்லாம் அலமாரியில், வாரம் ஒருமுறை மாற்றி எடுங்கள்.

இனி பயப்பட வேண்டியவை. பொம்மைத் தரக்கட்டுப்பாட்டில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் சிறு குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது. வீட்டில் எலுமிச்சம்பழத்தை அளவாக வையுங்கள். அதைவிடச் சின்னது எதுவும் கைக்கு எட்டக் கூடாது. சொப்புச் சாமான் இந்தக் கணக்கில் தேறாது, மூன்று வயது தாண்டட்டும். கிழிந்த பலூன் துண்டு அதைவிட மோசம். தூளிக்கு மேல் பொம்மை கட்டினால் கயிறு ஒரு சாணுக்கு மேல் தொங்கக் கூடாது, குழந்தை எட்டிப் பிடிக்கத் தொடங்கியதும் அவிழ்த்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் கொடியது பட்டன் பேட்டரி. மலிவான பாட்டு பொம்மைகளில் ஸ்க்ரூ இல்லாத மூடிக்குள் இருக்கும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் போதும், வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள், எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு இதில் விலக்கு உண்டு. அதனால் மர பொம்மை வாங்கும்போது சாயம் கையில் ஒட்டுகிறதா, முனை கூர்மையா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும்.

உட்கார வைத்துத் தள்ளும் வாக்கரை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள், யாராவது பரிசளித்தால் பரணில் போடுங்கள். அது நடக்கக் கற்றுக்கொடுக்காது. படியில் உருளவும் அடுப்பருகே போகவும்தான் உதவும். கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் நடைவண்டி வேறு. தானே பிடித்து எழுந்து நிற்கும் குழந்தை, தன் காலில் நின்று அதைத் தள்ளுகிறது. வண்டி ஓடிவிடாமல் ஒருவர் கூடவே இருந்தால் நல்ல சாமான்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால் மேலே சொன்ன மாதங்களை, டாக்டர் குறித்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்கள். விளையாடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: டம்ளரை எந்தப் பக்கம் நீட்டினாலும் ஒரே கையால் மட்டுமே வாங்குகிறதா? ஒரு வயதுக்குள் வலது கை, இடது கைப் பழக்கம் வருவதில்லை. ஒரு கையை மட்டும் தொடர்ந்து ஒதுக்கினாலோ, ஆறு மாதமாகியும் பொருளை எட்டிப் பிடிக்காவிட்டாலோ, கிலுகிலுப்பைச் சத்தத்துக்குத் திரும்பாவிட்டாலோ பிறந்தநாள் வரை பொறுத்துப் பார்க்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலும் இலவசமாகப் பரிசோதிப்பார்கள். போகும்போது அது விரும்பி விளையாடும் கிண்ணத்தையோ கிலுகிலுப்பையையோ கையோடு கொண்டுபோங்கள். புது இடத்தில் அழும் குழந்தை அதைப் பார்த்தால் கையை நீட்டும், பார்க்கிறவர்களுக்கும் வேலை சுலபம்.