அரக்குத் தட்டில் கே.பி.எஸ். குரல்

நாடக மேடைப் பாடகி கே.பி. சுந்தராம்பாள் மறைந்தது 1980இல். மதுரைப் பக்கம் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களின் வீட்டுப் பரணில் அவருடைய பழைய கிராமபோன் பிளேட்டு இன்றும் கிடைக்கலாம். நினைவு நாளில் அதை எடுத்துப் போட்டால் குரல் சின்னப் பிள்ளைபோலக் கீச்சென்று கேட்கும், இல்லையென்றால் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல மங்கும். பிளேட்டு போய்விட்டது என்று திரும்பக் கட்டி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பழுது பிளேட்டில் இல்லை, ஓட்டும் முறையில் இருக்கிறது.

மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டிய குரல் அது. 5 கட்டைச் சுருதியில் பாடும் பெண்ணின் மேல் ஷட்ஜம், அதாவது மேல் ‘ஸ’, ஏறத்தாழ 392 ஹெர்ட்ஸ். அதன்மேல் அடுக்கடுக்காக, அந்த அதிர்வின் மடங்குகளாக, மேற்சுரங்கள் எழும். நம் காதுத் துளை 3,000 ஹெர்ட்ஸ் அருகே தானும் சேர்ந்து அதிர்வதால், அந்தப் பகுதியில் வலுவுள்ள குரல் கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வரும். ‘கணீர்’ என்று நாம் சொல்வது இதைத்தான். புனலுக்குள் பாடிப் பதிந்த பழைய தட்டுகளில் சுமார் 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல் அநேகமாக ஒன்றும் கிடையாது. 1925இல் மின் ஒலிப்பதிவு வந்து அந்த எல்லையை 5,000 வரை உயர்த்தியது. அவருடைய கணவர், நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஜோடியாகப் புகழ் பெற்றது அதற்குப் பின்னால். நல்லவேளை. அந்தக் கணீர் தட்டின் பள்ளத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.

முதலில் அழுக்கை எடுக்க வேண்டும். இந்தத் தட்டுகள் அரக்கும் கல்மாவும் கரியும் கலந்து வார்த்தவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். சானிடைசரோ கண்ணாடி துடைக்கும் திரவமோ பட்டால் பாட்டு அங்கேயே அழிந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் போதும். லேபிள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் நிறுத்தி வைத்துக் காயவிடவும். மதுரைச் சித்திரை வெயிலில் வைத்தால் தட்டு அப்பளம்போல வளைந்துவிடும்.

அடுத்தது ஊசி. பின்னால் வந்த எல்பி (லாங் பிளே) தட்டுக்கான ஊசியின் முனை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இந்த அரக்குத் தட்டுக்கு அதைப்போல மூன்று மடங்கு வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் இறங்கித் தூசியை உழும். அகல ஊசிதான் சுவர்களைப் பிடிக்கும், குரல் பதிந்திருப்பதும் அங்கேதான். பள்ளம் பக்கவாட்டில் மட்டுமே நெளிவதால், ஊசியைத் தாங்கும் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் எடுத்தாலும் இரு பக்கத்தையும் கூட்டி மோனோவாக்குங்கள். மேலும் கீழும் குதிக்கும் கரகரப்பில் பெரும்பங்கு அப்போதே ரத்தாகிவிடும்.

கீச்சுக் குரலுக்குக் காரணம் வேகம். லேபிளில் 78 என்று இருந்தாலும் பழைய தட்டுகள் எல்லாம் சரியாக அதே வேகத்தில் பதிவானவை அல்ல. நிமிடத்துக்கு நாலரைச் சுற்று கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். இங்கே ஆர்மோனியம் கைகொடுக்கும். பக்கவாத்திய ஆர்மோனியத்தின் ஷட்ஜம் உங்கள் ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நடுவே விழுந்தால் வேகத்தைச் சந்தேகப்படலாம். மேலே தள்ளுவதா, கீழே இறக்குவதா? பிருகாவை, அதாவது வேகமாக உருளும் சுரங்களைக் கேளுங்கள். உயிரெழுத்துகள் பேச்சுக்குரல்போல இயல்பாக விழும் இடமே சரியான இடம். மீட்டர் இதைச் சொல்லாது, நாடகம் கேட்டுப் பழகிய காது சொல்லும்.

மங்கலுக்குக் காரணம் வேறு. தட்டின் ஒலியைப் பெருக்கித் தரும் இன்றைய ஃபோனோ பெட்டிகள், 1950களில் பரவிய ஆர்ஐஏஏ என்ற ஒலிச் சமன் முறைக்கானவை. அந்த முறையில் 5,000 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 8 டெசிபல் குறைக்கப்படும். பதியும்போதே அதைத் தூக்கிவைத்த தட்டுக்கு அது பொருந்தும். அப்படித் தூக்காத பழைய தட்டிலோ கணீரைத்தான் அது வெட்டும். ஆகவே கணினிக்கு மாற்றும்போது முதல் பதிவை எந்த ஈக்குவலைசரும் போடாமல் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுத்து, தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தமெல்லாம் நகலில்தான்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளில்தான் பலர் குரலைப் பறிகொடுக்கிறார்கள். அது எதை வெட்டுகிறதோ அதை மட்டும் தனியாகக் கேட்கும் வசதி உண்டு. அதைப் போட்டுக் கேளுங்கள். வெறும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் மட்டும் வந்தால் சரி. அதற்குள் ஒரு சகர உச்சரிப்போ, மூச்சு வாங்கும் சத்தமோ கேட்டால் அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.