சிறு புனல்மின் நிலையம்: ‘நீர்’ ஏன் வேண்டாம்?

‘சிறு நீர்மின் நிலையம்.’ இதைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் சிறுவுக்கும் நீருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது, சரி. வாயில் அது எங்கே இருக்கிறது? செய்தி வாசிப்பவர் மூச்சு விடுவதே ‘நீர்’ முடிந்த பிறகுதான். நம் காதில் விழுவது சிறுநீர் மின் நிலையம். காணொளி வர்ணனையில், செய்தியில், போட்டித் தேர்வுக் குறிப்பில் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

பொருளை முதலில் முடித்துவிடுவோம். ஓடைத் தண்ணீரை மேலே ஓரிடத்தில் மறித்து, வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து, குழாயில் இறக்கிச் சுழலியைச் சுற்றவைத்து கரண்ட் எடுப்பது. பெரிய அணை தேவையில்லை. நொடிக்கு 100 லிட்டர் தண்ணீர் 50 மீட்டர் இறங்கினால், இழப்பெல்லாம் போக 30 கிலோவாட் அளவுக்குக் கிடைக்கும். ஒரு மலைக் கிராமத்து வீடுகளின் விளக்குகளுக்கும் ஒரு மாவு மில்லுக்கும் தாராளம். இந்தியாவில் 25 மெகாவாட் வரை இருந்தால் ‘சிறு’ என்று கணக்கு. 1897-இல் டார்ஜிலிங் பக்கம் சித்ராபோங்கில் ஓடத் தொடங்கிய நாட்டின் முதல் நிலையமே 130 கிலோவாட்தான். ஆங்கிலப் பெயரின் மூலச்சொல்? தண்ணீருக்குக் கிரேக்கத்தில் ஹைடோர், அதிலிருந்து ஹைட்ரோ, அதை நம் நாட்டு இன்ஜினியர்கள் சுருக்கியது ஹைடல். அவ்வளவுதான்.

இப்போது சண்டைக்கு வருவோம். ‘சிறு’வை எடுத்துவிட்டு ‘சிறிய நீர்மின் நிலையம்’ என்று போட்டால் தீர்ந்ததே என்பார்கள். தீராது. சிறுதானியம் வேறு, சிறிய தானியம் வேறு. சிறுதொழில் என்றால் ஒரு வகை, சட்டத்தில் அதற்கு வரம்பு உண்டு. சிறிய தொழில் என்றால் யாரோ எதையோ சின்னதாகச் செய்கிறார்கள், அவ்வளவே. இங்கே நமக்கு வேண்டியது வகைப்பெயர். மேட்டூருக்குக் கீழே காவிரியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாக நிற்கும் கதவணை மின் நிலையங்களைப் பாருங்கள். மேட்டூர் அணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியதுதான், ஆனால் ஒவ்வொன்றும் 30 மெகாவாட், ஆகவே ‘சிறு’ ஆகாது. இந்த வேறுபாட்டைச் ‘சிறிய’ எப்படிக் காட்டும்? (போகிற போக்கில் ஒன்று: ‘கதவணை’ என்ன அருமையான சொல், பூலாம்பட்டியில் பரிசல் ஓட்டுபவருக்கும் புரிகிறது, அதிகாரிக்கும் புரிகிறது.)

இன்னொரு கட்சி, ‘சந்தர்ப்பம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், யாராவது சிறுநீரில் மின்சாரம் எடுப்பார்களா’ என்று கேட்கும். எடுக்கிறார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் நுண்ணுயிரிகளை வைத்துச் சிறுநீரிலிருந்து மின்சாரம் எடுத்து, 2015-இல் கிளாஸ்டன்பரி இசைவிழாவின் கழிப்பறையில் விளக்கே எரியவிட்டார்கள். அந்தச் செய்தியையும் இந்தச் செய்தியையும் ஒரே நாளில் மொழிபெயர்க்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்?

இத்தனைக்கும் நம்மிடம் புனல் இருக்கிறது. புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டாம், அனல் மின், புனல் மின் என்று இரண்டையும் சேர்த்தே பள்ளியில் படித்தோம். அனல்வாதம் புனல்வாதம் என்று சம்பந்தர் கதையில் கேட்ட அதே சோடி. மேட்டூர்க்காரருக்கு இது இன்னும் சுலபம், அனலும் புனலும் ஒரே ஊரில் இருக்கின்றன. பின்னால் வந்தவர்கள்தான் புனல் பழஞ்சொல், மக்களுக்குப் புரியாது என்று சொல்லி ‘நீர்’ போட்டார்கள். ஆடிப்பெருக்கன்று புதுப்புனல் என்று நாளிதழ்கள் தலைப்புப் போடும்போது மட்டும் புரிந்துவிடுகிறது போலும். புனல் என்றால் மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல்தானே என்று ஒரு கேலி வேறு. அது ஆங்கில ஃபனல், வேறு சொல், அதற்கு வைத்தூற்றி என்று தமிழில் பெயரும் உண்டு.

எனக்குத் தூய்மைவாதம் கிடையாது, கரண்ட் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். புனலை நான் கேட்பது அது பழசு என்பதற்காக அல்ல, அது இன்னும் சரியாகப் பொருந்துகிறது என்பதற்காக. நீர் என்றால் குடத்திலும் இருக்கும், குளத்திலும் இருக்கும். புனல் ஓடுகிற தண்ணீர். திருவள்ளுவர் நாட்டுக்கு உறுப்பு சொல்லும்போது மலையையும் ‘வருபுனலை’யும் அடுத்தடுத்து வைக்கிறார். தேக்கிவைக்காமல் ஆற்றில் வருவதை அப்படியே பயன்படுத்தும் நிலையத்துக்கு ‘நதியின் ஓட்ட மின் ஆலை’ என்று எழுதுகிறார்களே, ‘வருபுனல் மின் நிலையம்’ என்றால் என்ன குறைந்துவிடும்? அதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது: புனல் வந்தால்தான் மின்சாரம். ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்து கிளியூர் அருவி கொட்டுகிறபோது ‘இங்கேயே ஒன்று வைக்கலாமே’ என்பவர்கள் பங்குனியில் வந்து அந்தப் பாறையைப் பார்க்கட்டும்.

அளவுக்கு மூன்று அடைமொழி போதும்: 25 மெகாவாட் வரை சிறு, 2 மெகாவாட் வரை குறு, 100 கிலோவாட் வரை நுண். சிறு குறு விவசாயி என்று சொல்லிப் பழகிய நாட்டில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னும் ஒரு வழக்கு பாக்கி. ‘கிராமப்புறச் சமூகங்களுக்கு மின்சாரம் வழங்கும்’ என்று எழுதாத ஆளே இல்லை. சேலத்தில் ஒருவரைப் பார்த்து ‘நீங்கள் என்ன சமூகம்’ என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார் என்று தெரியாதா? சாதி வாரியாகவா கம்பி இழுக்கிறார்கள்? ‘மலைக் கிராமங்களுக்கு’ என்று எழுதுங்கள், ‘ஊர்களுக்கு’ என்று எழுதுங்கள். அப்புறம் அந்தத் ‘தலை’. தண்ணீர் இறங்கும் உயரத்தை இன்ஜினியர்கள் ஹெட் என்பார்கள், உடனே ‘மொத்தத் தலை’, ‘நிகரத் தலை’ என்று தமிழில் வந்துவிடும். வீழ்ச்சி உயரம் என்றால் வேலை முடிந்தது. அது பிடிக்கவில்லையென்றால் ஹெட் என்றே விட்டுவிடுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.